பதினொரு சொம்புத் தண்ணீர்

ஜனவரி 14

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே நான், என் வீட்டுக்காரி, கடை, மூவரும் நலம். அங்கே தாங்களும் மாப்பிள்ளையும் என் மகளும் எப்படி இருக்கிறீர்கள்? மகளிடம் கேட்டால் "எல்லாரும் நல்லா இருக்கோம்ப்பா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாள். அதனால் நேராகத் தங்களிடமே விசாரிக்கிறேன்.

கல்யாணம் முடிந்து மகளைக் கொண்டுவந்து விட்ட அன்று, தங்கள் வீட்டுப் பின்புறக் குளத்தருகே ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தீர்கள். அன்று பிடித்தது பைத்தியம். ஊர் திரும்பியதும் கடைக்குப் பின்னால் பைப் அடுக்கும் இடத்தைக் காலிசெய்து நானும் ஒரு குளம் வெட்டிவிட்டேன். "ஊர்ல இருக்கிற ஆளுக்கெல்லாம் மோட்டார் வித்தாச்சு, இனி மீனுக்கு மாட்டப் போறீங்களா?" என்கிறாள் வீட்டுக்காரி. ஆமாம், மாட்டிவிட்டேன். ஒன்று தண்ணீரை மேலே ஏற்ற, ஒன்று கீழே சுழற்ற. நடுவில் ஒரு பீப்பாய் நிறையக் கூழாங்கல், வடிகட்டுவதற்கு. அடியில் காசு போட்டால் பூவா தலையா என்று மேலே நின்றே பார்க்கலாம்.

சைக்கிளில் பைப்பைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்றவன் நான். தண்ணீர் சும்மா நின்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். தங்கள் குளத்தில் ஒரு மோட்டார்கூட இல்லை என்பதை அன்றே பார்த்தேன். சம்பந்தி வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாதம் மூடியிருந்ததே எனக்குச் சாதனை. ஒரு நல்ல மோட்டார் அனுப்பட்டுமா?

இப்போது குளத்தில் மீன் இல்லை. முதலில் விட்டது சரிப்படவில்லை, அது வேறு கதை.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பைப்புக் கடை


பிப்ரவரி 2

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தங்கள் மாப்பிள்ளைக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. மருமகள் மெலிந்துவிடவில்லை என்பதைத் தங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். அவர் கேட்க நினைப்பது அதுதான் என்று எனக்குத் தெரியும்.

குளம் வெட்டியது கேட்டு மகிழ்ச்சி. மோட்டார் பற்றித் தாங்கள் சொன்னதும் ஒரு கருத்துத்தான். என் கருத்து வேறு. அல்லியும் பாசியும் வேண்டிய அளவுக்கு இருந்தால் தண்ணீர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். காசு தெரிகிற தண்ணீரில் காசுதான் நன்றாக இருக்கும், மீனுக்குக் கொஞ்சம் மறைவு வேண்டும். கோபமில்லையே?

எங்கள் குளத்தார் வட்டத்தைப் பற்றித் தங்களுக்குச் சொல்லவில்லை அல்லவா? என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு வீடு. மாதம் ஒரு ஞாயிறு, ஒருவர் வீட்டில் கூடுவோம். யாருடைய குளத்தையும் அழுக்கு என்று சொல்லக் கூடாது; "தண்ணீர் நிறம் மாறியிருக்கிறதே" என்று வேண்டுமானால் சொல்லலாம். கேட்டால் ஒழியக் கருத்துச் சொல்லக் கூடாது. வருகிற ஒவ்வொருவரும் தம் குளத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அந்த வீட்டுக் குளத்தில் ஊற்றுவார்கள்; திரும்பும்போது அதே சொம்பில் அந்தக் குளத்துத் தண்ணீரை மொண்டு தம் குளத்துக்குக் கொண்டுபோவார்கள். வட்டத்தை ஆரம்பித்த போஸ்ட்மாஸ்டர் கொண்டுவந்த வழக்கம் இது. "குளம் பன்னெண்டு இருக்கலாம், தண்ணி ஒண்ணுதான்" என்பார்.

சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்த காலமெல்லாம் அதட்டி அதட்டியே பேசியவள் நான். டாக்டர்களே என் செருப்புச் சத்தம் கேட்டால் கை கழுவப் போவார்கள். ஓய்வு பெற்ற பிறகு, அதட்டாமல் பேச எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. இந்தப் பன்னிரண்டு குளம்தான் அந்த இடம். இந்த ஆண்டு என்னைத் தலைவியாக வேறு ஆக்கியிருக்கிறார்கள். மார்ச்சில் கூட்டம் நம் வீட்டில்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தியம்மா


பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நலம். தங்கள் கடிதத்தை வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். மகள் மெலியவில்லை என்ற வரியை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள்.

கேட்டால்தான் கருத்து என்ற சட்டம் என் கடைக்கு வந்தால் நான் கடையை மூட வேண்டியதுதான். "இந்த பைப் போதுமாண்ணே?" என்று எவனும் கேட்க மாட்டான். "போதாது, வெடிக்கும்" என்று நானாகச் சொல்வேன். "யோவ், உன்னைக் கேட்டனா?" என்று போவான். மழை வந்ததும் திரும்பி வருவான். அதிலேயே வளர்ந்த வாய் இது.

ஆனாலும் தாங்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. அதட்டியே காலம் தள்ளியவருக்குத்தான் மெல்லப் பேசுவதன் அருமை தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கருத்தல்ல, கேள்வி. அந்தச் சொம்புத் தண்ணீர் ஊற்றும்போது, ஊற்றுகிறவர் வீட்டு மீன் எல்லாம் சுகமாக இருக்கிறதா என்று யாராவது விசாரிப்பது உண்டா?

இப்படிக்கு,
கேள்வியோடு நிறுத்திக்கொண்ட சம்பந்தி


மார்ச் 23

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

சுகம். தங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை, கூட்டத்துக்கான ஏற்பாட்டில் இருந்தேன். அப்படி விசாரிப்பது மரியாதையாக இருக்குமா, சொல்லுங்கள்? ஒருவர் வீட்டுக்குப் போய், "உங்க பிள்ளைக்குச் சீக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுவிட்டா உட்காருவோம்?

கூட்டம் மிகச் சிறப்பாக நடந்தது. பதினொரு சொம்பும் ஊற்றினார்கள். ஊர் மாறிப்போன ஒரு வீட்டாருக்குப் பதிலாகத் தையற்காரரும் அவர் மனைவியும் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். சந்தையில் வாங்கிய வால்நீள மீன்களை விட்டு ஒரு வாரம்தானாம், ஆனாலும் மறக்காமல் சொம்போடு வந்தார்கள். மருமகள் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மீன்களுக்கு ஒரே கொண்டாட்டம். கல்லில் உடம்பை உரசி உரசிப் பளீர் பளீரென்று திரும்பி விளையாடுகின்றன. பெரிய தங்கமீன் இருக்கிறதே, தலையாரி என்று கூப்பிடுவோமே, அவன் மட்டும் விளையாட்டில் சேராமல் ஓரமாக நிற்கிறான். வயதாகிறது. தீனியும் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

அல்லி பூத்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

தங்கள்,
சம்பந்தியம்மா


மார்ச் 29

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே நலம். அங்கே நலமில்லை என்று நினைக்கிறேன்.

மரியாதையாக மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் குப்பைக்கூடையில் கிடக்கின்றன. நேராகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் மீன்கள் விளையாடவில்லை. அவற்றுக்கு அரிக்கிறது.

என் முதல் மீன்கள் சரிப்படவில்லை என்று எழுதினேனே, அதுதான் இது. வாங்கி வந்து நேராகக் குளத்தில் கொட்டினேன். கல்லில் உரசின. "பாருடி, என்னா ஆட்டம்!" என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு உப்பு தூவியதுபோல் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பிறகு ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர். பூவா தலையா பார்க்கலாம் என்றேனே, அந்தத் தண்ணீர்.

இது ஒட்டுண்ணி. தண்ணீரோடு வருகிறது. சொம்போடு வருகிறது. ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசியை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோனால் தாங்கள் விடுவீர்களா? பதினொரு கட்டிலிலிருந்து ஊசி வந்து தங்கள் குளத்தில் இறங்கியிருக்கிறது, தேநீரோடு.

செய்ய வேண்டியது இது. மீன் அத்தனையையும் பிடித்துத் தொட்டிகளில் விடுங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் மூன்று கைப்பிடி கல்லுப்பு. தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். தொட்டிக்குக் காற்று வேண்டும், அதற்குச் சின்ன காற்று மோட்டார்கள் ஒரு பெட்டி நிறைய இன்றே பார்சலில் போட்டிருக்கிறேன். குளத்தில் உப்புப் போடாதீர்கள், அல்லி செத்துவிடும். குளத்தை மீனில்லாமல் சில வாரம் சும்மா விடுங்கள். கடிக்க மீன் இல்லாவிட்டால் அந்த உண்ணி பட்டினி கிடந்து சாகும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சொம்பை நிறுத்துங்கள். தங்கள் குளம் மட்டும் தப்பித்துப் பயனில்லை.

பெண்ணைக் கொடுத்தவன் குனிந்து பேச வேண்டும் என்பார்கள். என் மகள் தங்கள் வீட்டில் இருக்கிறாள் என்பது இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குனிந்தே சொல்கிறேன். ஆனால் சொல்கிறேன்.

தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள். உங்களிடம் மட்டும் உண்மையை எழுதுகிறேன்.

அப்பா, என்ன எழுதித் தொலைத்தீர்கள்? அத்தை உங்கள் கடிதத்தை வாசலில் நின்றே படித்தார். மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். "உங்கப்பா கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். அவ்வளவுதான். உங்கள் பார்சல் வந்து கூடத்தில் பிரிக்காமல் கிடக்கிறது. எல்லோரும் சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரே மரியாதை. "சிரமம் இல்லேன்னா அந்தச் சொம்பை எடுத்துத் தர முடியுமாம்மா?" என்கிறார். முன்பெல்லாம், "ஏண்டி, காது எங்க இருக்கு?" என்பார். அதுவே தேவலை. இவர் பையனோ, "எங்கம்மா மரியாதையாப் பேசினா ஓடிப்போயிடணும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடிவிடுகிறார்.

மூன்று மீன் செத்துப்போயிற்று. அத்தை யாரும் எழுவதற்கு முன்னால் எலுமிச்சை மரத்தடியில் புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து ஒன்றும் நடக்காததுபோல் பேப்பர் படிக்கிறார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையாரி இன்னும் இருக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்து. சாயங்காலமெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போகிறார். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தயவுசெய்து ஒரு மன்னிப்புக் கடிதம் போடுங்கள் அப்பா.

உங்கள் மகள்


ஏப்ரல் 24

செல்ல மகளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே மரியாதை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கம் கிடையாது. தரக்குறைவாக ஒரு வாஷர் விற்றுவிட்டால்கூட வீடு தேடிப்போய்க் கேட்டவன். உனக்குக் கஷ்டம் என்றால் நேரில் வந்து உன் அத்தை எதிரில் கைகட்டி நிற்கிறேன். வார்த்தை முரடாக இருந்தது என்று சொல்லிக் கேட்கிறேன். ஆனால் மீன் விளையாடுகிறது என்று மட்டும் என்னால் எழுத முடியாது கண்ணு. அது செத்துப்போகும்.

பத்து நாள் கழித்துப் புறப்பட்டு வருகிறேன். அதுவரை பெட்டியைச் சுற்றியே நட.

அப்பா


ஏப்ரல் 29

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் புறப்படுவதாக மருமகள் சொன்னாள். புறப்பட வேண்டாம். இங்கே உட்கார இடமில்லை. கூடத்தில், பின்வாசலில், குளியலறையில்கூடத் தொட்டி. அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஊசி என்று எழுதினீர்களே, அந்த வரியில்தான். அது சரியாக இருந்ததுதான் கோபம். என் வார்டில் ஒருத்தி அப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மரியாதை பழகுகிறேன் என்று, தெரிந்த தொழிலை நானே கழற்றி மாட்டிவைத்துவிட்டேன்.

தாங்கள் சொல்லி நான் நம்புவது ஒன்று, என் கண்ணால் பார்ப்பது ஒன்று. அதனால் குடையை எடுத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் போனேன். சும்மா வந்தேன் என்று சொல்லிக் குளத்தருகே நின்றேன். ஏழு வீட்டில் மீன் "விளையாடுகிறது." எல்லோரும் எனக்குக் காட்டிச் சந்தோஷப்படுகிறார்கள்! தையற்காரர் மனைவி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே. கேட்டால் ஒழியச் சொல்லக் கூடாது. தலைவியே சட்டத்தை மீறலாமா?

போன ஞாயிறு போஸ்ட்மாஸ்டர் வீட்டில் கூட்டம். வரிசையாக ஊற்ற ஆயத்தமாக நின்றார்கள். தலைவி என்பதால் முதல் சொம்பு என்னுடையது. குளத்தின் மேல் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. காலிச் சொம்பு. எல்லோரும் பார்க்கிறார்கள். கவிழ்த்தபடியே நிற்கிறேன், கை வலிக்கிறது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு மரியாதைக்காரர்கள்! கடைசியில் போஸ்ட்மாஸ்டர்தான், "என்னம்மா இது, ஏன் தண்ணி கொண்டாரல?" என்றார்.

"கேட்டுட்டீங்க. சொல்லலாமா?" என்றேன்.

சொன்னேன், சம்பந்தி. ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக என் பழைய குரலில் சொன்னேன். "எல்லாரும் சொம்பைக் கீழ வைங்க!" பத்துச் சொம்பும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தன. வாசல் தெளித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்கூடத் தம் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

போஸ்ட்மாஸ்டர் மட்டும் ஒப்பவில்லை. "உங்க கருத்தை மதிக்கிறேம்மா, ஆனா என் கருத்து வேற" என்றார். "சரிங்கய்யா, கருத்தை நீங்க வச்சுக்குங்க, மீனை என்கிட்ட குடுங்க" என்றேன். கொடுக்கவில்லை.

மற்ற வீட்டு மீன்கள் வாளி வாளியாக வந்து இறங்க, அன்று மாலையே தங்கள் பெட்டியைப் பிரித்தோம். தங்கள் மகளுக்கு மோட்டார் மாட்டத் தெரியும் என்று ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை? வாயில் ட்யூபைக் கடித்துக்கொண்டு வரிசையாக மாட்டிக்கொண்டே போகிறாள். "ஏண்டி, அந்த மூலைத் தொட்டிக்குக் காத்து வரல, கண்ணு எங்க இருக்கு?" என்று ஒரு அதட்டு அதட்டினேன். திரும்பிப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். ஏனென்று விளங்கவில்லை.

ஒரு கருத்து வேறுபாடு. "மூன்று கைப்பிடி" என்று எழுதியிருந்தீர்கள். யாருடைய கை? பைப் தூக்கிய தங்கள் கையால் போட்டால் மீன் ஊறுகாய் ஆகிவிடும். இரண்டு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். மருந்து விஷயத்தில் கை, பிடி, சிட்டிகை எல்லாம் என்னிடம் நடக்காது.

தலையாரிக்கு இன்னும் நினைவு சரியில்லை. தனித் தொட்டி கொடுத்திருக்கிறேன். மோட்டார் சத்தம் எனக்கு ஆகாது என்று நினைத்திருந்தேன். பிராணவாயு ஓடும் சத்தம் கேட்டே பழகிய காது இது, இப்போது அது நின்றால்தான் தூக்கம் வராது போலிருக்கிறது.

தங்கள்,
சம்பந்தியம்மா


மே 8

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நலம், நலம், நலம்! கடிதத்தைக் கடை வாசலில் நின்று சத்தம் போட்டுப் படித்தேன். சிமெண்டு வாங்க வந்த கொத்தனார், "அப்புறம் என்னாச்சு, அந்தப் போஸ்ட்மாஸ்டர் குடுத்தாரா இல்லியா?" என்று சிமெண்டை மறந்துவிட்டு நிற்கிறார். அவருக்காகவாவது பதில் போடுங்கள்.

உப்பு விஷயத்தில் தோற்றேன். சந்தோஷமாகத் தோற்றேன்.

இன்னொன்றிலும் தோற்றேன். போன வாரம் இங்கே நாள் முழுக்க மின்சாரம் இல்லை. என் இரண்டு மோட்டாரும் வாயை மூடிக்கொண்டன. புதிதாக விட்டிருந்த மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பக்கெட்டால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், என் மனைவி மாற்றி ஊற்றினாள், கொத்தனார்கூட ஊற்றினார். பிழைத்தன. அன்று தங்கள் குளத்தை நினைத்துக்கொண்டேன். அல்லிக்கு மின்சாரம் தேவையில்லை. பாசிக்குப் பில் வராது. தங்கள் குளம் தேறியதும் கொஞ்சம் அல்லிக்கிழங்கும் பாசியும் வேண்டும். கழுவி அனுப்புவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் நானும் கழுவுவேன்.

தங்கள் சம்பந்தி


ஜூன் 16

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

சுகம். இந்தச் சொல்லை முழு மனதோடு எழுதி எத்தனை நாளாயிற்று!

முதலில் கொத்தனாருக்கு: போஸ்ட்மாஸ்டர் கொடுத்தார். மே மாதக் கடைசியில், மூடி போட்ட வாளியோடு வாசலில் வந்து நின்றார். "அம்மா, கருத்து மாறல. ஆனா மீனு கேக்குது" என்றார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தொட்டியைக் காட்டினேன். அந்த நேரத்தில் பேசாமல் இருந்ததுதான் நான் கற்ற மரியாதை. தினமும் வந்து தம் கையாலேயே தண்ணீர் மாற்றினார்.

எங்கள் குளத்தோடு அந்த ஏழு வீட்டுக் குளமும் காலியாகக் கிடந்தன. கொசு பெருகிவிடும் என்று தெருவில் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு குளத்துக்கும் கொசுவலை கட்டிவிட்டோம். கட்டிலில் கட்டாத வலையைக் குளத்தில் கட்டுகிறோம் என்று பேச்சு. பேசட்டும்.

நேற்று வார்டைக் காலிசெய்தோம். சிலது போய்விட்டன, மறைக்கவில்லை. ஆனால் தொட்டி ஏறியவற்றில் பெரும்பாலானவை அவரவர் வாளியில் வீடு திரும்பின. தையற்காரர் தம் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் மனைவி பின்னால், "மெதுவாப் போங்க, தளும்புது!" என்று கத்திக்கொண்டே. தெரு முழுக்க வாளி.

தலையாரியை நானும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் துணியில் ஏந்திக் கொண்டுபோய் விட்டோம். சற்று நேரம் அப்படியே நின்றான். பிறகு அல்லிக்கு அடியில் ஒரு பாய்ச்சல். வாலால் அடித்த தண்ணீர் என் மூக்குக்கண்ணாடி முழுக்க. "கும்பிடு போட்டுட்டுப் போறான் அத்தை" என்றாள். "கும்பிடா? என்னை அதட்டிட்டுப் போறான்டி" என்றேன். பதினொரு வீட்டாரும் கைதட்டினார்கள்.

இன்னொரு செய்தி. மூலைத் தொட்டியில், கடைசியாகத் தண்ணீர் மாற்றிய பிறகு, பாசிக் கொத்தில் முட்டை. இப்போது குஞ்சு, கண்ணும் வாலுமாக. நோயாளியாக வந்தவை தாயாகிப் போயின. வீட்டுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டோம். தங்கள் பங்கும் அல்லிக்கிழங்கும் மாப்பிள்ளை அடுத்த வாரம் கொண்டுவருவான். மருமகளும் வருகிறாள். பத்து நாள் வைத்துக்கொண்டு அனுப்புங்கள், அதற்கு மேல் எனக்கு அதட்ட ஆள் இல்லை.

தங்கள்,
சம்பந்தியம்மா


ஜூலை 20

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அனைவரும் நலம். மகளும் மாப்பிள்ளையும் பத்திரமாக வந்து சேர்ந்த செய்தி கிடைத்தது. பத்தாம் நாள் மாலையே, "அத்தை திட்டுவாங்க" என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். முகத்தில் அப்படியொரு பெருமை.

அல்லி வேர் பிடித்துவிட்டது. என் குளத்தின் ஒரு மூலையில் காசு தெரியவில்லை. மீனெல்லாம் அந்த மூலையில்தான்.

குஞ்சுகள் வந்த அன்று கடைக்குப் பின்னால் ஒரே கூட்டம். கொத்தனார் பையை வாங்கி நேராகக் குளத்தில் சாய்க்கப் போனார். கையைப் பிடித்துவிட்டேன். "என்ன முதலாளி, சம்பந்தி வீட்டுல இருந்து வந்ததுன்னீங்க, அதைப் போய்ச் சந்தேகப்படுறீங்களே?" என்றார். மாப்பிள்ளையும் பக்கத்தில் நிற்கிறார், என் மகளும் நிற்கிறாள், வீட்டுக்காரி என்னை முறைக்கிறாள். நான் தனித் தொட்டியைக் காட்டினேன். மூன்று வாரம் அதில் வைத்து, ஒரு புள்ளி இல்லை, ஓர் உரசல் இல்லை என்று என் கண்ணால் பார்த்த பிறகு நேற்றுத்தான் குளத்தில் விட்டேன். இருபது குஞ்சும் பிழைத்தன. இப்போது அல்லி இலைக்கடியில் ஓடுகின்றன.

வேறு எந்தச் சம்பந்தி வீட்டுக்கும் இதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது.

தங்கள் அன்புள்ள,
பைப்புக் கடை, அல்லிக் குளம்